சாகசத்துக்கு ஒரு சாட்சி

மலைச்சரிவில் சைக்கிளை விட்டுப் பாய்கிறவனும், பறக்கும் விமானத்தின் வாசலிலிருந்து வெட்டவெளியில் காலை எடுத்து வைக்கிறவளும், ஆளுயர அலையின் முதுகில் ஏறி நிற்கிறவனும், தாங்கள் கண்டதைப் பிறரும் காண வேண்டும் என்று ஆசைப்படுவது இயற்கையே. ஆனால் நெடுங்காலம் வரையில் அந்த ஆசை நிறைவேறுவதற்கு இன்னொருவருடைய தயவு தேவைப்பட்டது. கரையில் நின்றோ, எதிர்க்குன்றில் உட்கார்ந்தோ ஒருவர் படம் பிடிக்க வேண்டும். அவர் பிடித்த படத்தில் வீரன் இருப்பானே தவிர, வீரனுடைய கண்ணுக்குத் தெரிந்த காட்சி இராது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஆக்‌ஷன் கேமரா என்ற சிறு யந்திரம் இந்தக் குறையைத் தீர்த்து வைத்தது என்பதே அதன் விசேஷம்.

இந்த யந்திரம் பிறப்பதற்கு முன்பும் துணிந்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்கரான கார்ல் போனிஷ், 1969ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி ஜிப்ஸி மாத்ஸ்' என்ற ஹாலிவுட் படத்துக்காகக் கனமான பிலிம் கேமராவைத் தலைக்கவசத்தில் பொருத்திக்கொண்டு ஆகாயத்திலிருந்து குதித்துக் காட்சிகளைப் பதிவு செய்தார். பிற்பாடு 1978ல் கலிபோர்னியாவிலுள்ள எல் காப்பிட்டன் என்னும் பிரம்மாண்டமான பாறையின் உச்சியிலிருந்து பாரசூட்டுடன் குதித்தவர்களையும் படமாக்கி, இன்று பேஸ் ஜம்பிங் என்று வழங்கும் விளையாட்டுக்கே மூலபுருஷர்களில் ஒருவரானார். 1984ல் நார்வே நாட்டின் ட்ரோல் பாறைச் சுவரிலிருந்து குதித்தபோது அவர் உயிர் நீத்தார். அவர் காலத்தில் அத்தகைய படத்தை எடுக்க அசாதாரணமான தேகபலமும், தொழில் தேர்ச்சியும், பணவசதியும் வேண்டியிருந்தன. இன்றோ அவற்றுள் மூன்றாவது மாத்திரம் ஓரளவு இருந்தால் போதும் என்ற நிலைமை வந்துவிட்டது.

இந்த மாறுதலுக்கு வித்திட்டவர் நிக் உட்மன். சொந்தத் தொழிலொன்றில் நஷ்டமடைந்து மனம் சோர்ந்திருந்த அந்தக் கலிபோர்னியா இளைஞர், ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்குக்காகப் பிரயாணம் செய்தபோது, அலைமீது போகும் தம்மையும் நண்பர்களையும் தாமே படமெடுக்க விரும்பினார். அவர் முதலில் செய்ய எண்ணியது கேமராவே அன்று. சாதாரணக் கேமராவை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள உதவும் ஒரு பட்டைதான். பட்டை நன்றாக அமைந்தும், அதில் கட்டிய கேமராக்கள் அலையின் அடி தாங்காமல் பழுதாகிப் போகவே, பட்டைக்கேற்ற கேமராவையும் தாமே விற்பது என்று தீர்மானித்தார். 2002ல் தொடங்கிய அவருடைய கோப்ரோ கம்பெனி, 2004ல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் 'ஹீரோ' 35 மில்லிமீட்டர் பிலிம் சுருளில் படமெடுப்பது. 2006ல் வந்த டிஜிட்டல் ஹீரோவோ 10 வினாடி அசையும் படம் பிடிக்கவே வல்லமை பெற்றிருந்தது. அந்த எளிய ஆரம்பத்திலிருந்து வளர்ந்த தொழிலில் இன்று கோப்ரோவுக்குச் சரிநிகராகச் சீனாவின் டிஜேஐ, இன்ஸ்டா360 ஆகிய நிறுவனங்களும் போட்டியிடுகின்றன.

முதலில் பட்டை, பிறகே கேமரா என்ற இந்த வரிசையை வாங்குவோர் அனைவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களைப் பார்த்து, எது பெரிய எண்ணோ அதுவே சிறந்த கேமரா என்று முடிவு செய்துவிடுகிறார்கள். விளையாட்டைக் கருதாமல் கேமராவைத் தேர்வது, பாதத்தை வீட்டில் விட்டுவிட்டுச் செருப்பு வாங்கப் போவதற்கு ஒப்பாகும். என் விளையாட்டில் கேமரா எந்த இடத்தில் உட்காரப் போகிறது, அங்கிருந்து அது எதைப் பார்க்கும், விழுந்தால் என்னை என்ன செய்யும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், கனம் என்ன, வடிவம் என்ன, தண்ணீரைத் தாங்குமா, எத்தனை நேரம் ஓடும் என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே கிடைத்துவிடும்.

கையிலே இருக்கும் செல்போன் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. நின்ற இடத்திலிருந்து எடுப்பதற்குப் போதும். ஓடும் யந்திரத்தின்மேல் பொருத்துவதற்குப் போதாது. போனின் லென்ஸுக்குள் இருக்கும் நுட்பமான அசைவு நிவாரணக் கருவி மோட்டார் சைக்கிள் என்ஜினின் ஓயாத அதிர்வினால் சீர்கெடக்கூடும் என்று ஆப்பிள் கம்பெனியே 2021ல் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்திருக்கிறது. ஆக்‌ஷன் கேமராவில் அப்படி உள்ளே நகரும் உறுப்புப் பொதுவாகக் கிடையாது. அதன் பலமே அந்த எளிமையில் இருக்கிறது.

இனி இடத்தை ஆராய்வோம். தலைக்கவசம் எல்லோருக்கும் முதலில் தோன்றும் இடம். தலை திரும்பும் பக்கமெல்லாம் கேமராவும் திரும்புவதால் வீரன் எதைக் கவனித்தான் என்பதைப் பார்ப்பவர் அறிந்துகொள்ளலாம். முழங்காலும் இடுப்பும் கழுத்தும் அதிர்ச்சியைப் படிப்படியாக விழுங்கிக்கொள்வதால் படமும் ஓரளவு நிதானமாக வரும். ஆனால் ஹெல்மெட்டின் உச்சியில் கொம்புபோல் நிற்கும் கேமரா கண்ணின் மட்டத்துக்கு மேலிருந்து பார்ப்பதால், கைகளோ வாகனமோ படத்தில் அடங்காமல், ஆளில்லாத பாதை ஒன்று தானாக ஓடி வருவதுபோன்ற உயிரற்ற காட்சியே பல சமயம் மிஞ்சுகிறது. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட் அணிகிறவர்கள் மோவாய்ப் பகுதியில் பொருத்துவது அதனினும் மேலானது. கண்ணுக்கு அருகில் இருப்பதால் ஹேண்டில்பாரும் கைகளும் தெரிவதோடு, கேமராவின் பாரம் தலையின் உச்சியிலிருந்து இறங்கிவிடுகிறது.

மலைச்சைக்கிளும் பனிச்சறுக்கும் பழகுகிறவர்களில் பலர் மார்புப் பட்டையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் மிகவும் அகலமான பார்வையுடையது; அந்த அகலம் தூரத்திலுள்ளதைச் சிறிதாக்கிச் செங்குத்தான சரிவையும் சமதரைபோல் காட்டிவிடுகிறது. நெஞ்சு படபடக்க இறங்கிய பள்ளம் திரையில் தோட்டத்து நடைபாதைபோல் தோன்றுவதைக் கண்டு ஏமாறாத சைக்கிள் வீரர் இல்லை. மார்பிலிருந்து எடுக்கும்போது ஹேண்டில்பாரைப் பற்றிய கைகளும், மடங்கி நிமிரும் முழங்கால்களும், மிக அருகில் விரைந்து பின்னோடும் கற்களும் சட்டத்துக்குள் வருவதால், வேகத்துக்கும் சரிவுக்கும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நியூசிலாந்து வீரரான கெல்லி மெக்கேரி 2013ஆம் ஆண்டு ரெட்புல் ராம்பேஜ் போட்டியில், 72 அடி அகலமான பள்ளத்தாக்கின்மேல் சைக்கிளோடு பின்புறமாகக் கரணமடித்துத் தாண்டிய காட்சியை அவர் உடலோடு இருந்த கேமரா பதிவு செய்தது. தரை கழன்று போய் ஆகாயம் வந்து மறுபடியும் தரை வரும் அந்தச் சில வினாடிகளை, எதிரே நின்று எடுக்கும் எந்தக் கேமராவும் அதே விதமாகக் காட்டியிருக்க முடியாது.

அதே மார்புப் பட்டை அலைச்சறுக்கு வீரனுக்கு ஒன்றுக்கும் உதவாது. அவன் பலகையின்மேல் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக்கொண்டு கடலுக்குள் போக வேண்டியவன். மார்பில் கேமரா இருந்தால் தன் பாரம் முழுவதையும் அதன்மேல் சுமத்தியே படுக்க வேண்டும். ஆகையால் அலைச்சறுக்கில் இரண்டே இடங்கள் பிரசித்தம்: பலகையின் மூக்கு ஒன்று, வாய் மற்றொன்று. பற்களால் கடித்துக்கொள்ளும் வாய்ப்பிடியைக் கண்டு முதலில் சிரிக்கிறவர்கள், கை இரண்டும் ஓய்வாக இருக்க, கண் பார்ப்பதையே கேமராவும் பார்க்க, அலை புரட்டிப் போட்டால் வாயைத் திறந்த மாத்திரத்தில் கேமரா விலகிவிட, இத்தனை சௌகரியமும் ஒரு சிறு ரப்பர்த் துண்டில் இருப்பதை அறிந்தபின் சிரிக்கமாட்டார்கள். விலகிய கேமரா கடலடியைச் சேராதிருக்க மிதவையும், கழுத்துக் கயிறோ பலகைக் கயிறோ ஒன்றும் அவசியம். தனித்து விட்டால் இந்தக் கேமராக்கள் கல்லைப்போல் மூழ்கிவிடும். சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவ இளைஞர்கள் வளர்த்தெடுத்த அலைச்சறுக்கு, 2025ல் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடைபெறும் அளவுக்கு முன்னேறியிருப்பதால், இந்தக் குறிப்புகள் நம் கரையோரத்துப் பிள்ளைகளுக்கும் உபயோகப்படும்.

அலை வருவதற்குமுன் அநுபவசாலிகள் செய்யும் ஒரு காரியம் வேடிக்கையாக இருக்கும். கேமராவின் முன்கண்ணாடியை நாக்கினால் நக்கிவிட்டு உடனே கடல்நீரில் முக்கி எடுப்பார்கள். எச்சில் படிந்த கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய படலமாக வழிந்துவிடும். இதைச் செய்யாதவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது, ஆயுளில் ஒரு முறை கிடைத்த அலையின் நட்டநடுவே ஒரு பெரிய நீர்த்துளி குந்தியிருக்கும்.

இடத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு அழகு மாத்திரம் காரணம் அன்று; உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. ஆகாயக் குதிப்பில் பாரசூட்டின் கயிறுகள் கணப்பொழுதில் பிரிந்து மேலெழும்போது, ஹெல்மெட்டின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளிலும் ஒரு கயிறு மாட்டிக்கொள்ளக்கூடும். அப்படி மாட்டினால் கழுத்துக்கும் ஆபத்து, பாரசூட்டுக்கும் ஆபத்து. 150 கிராம் உள்ள கேமராதானே என்று அலட்சியம் செய்யலாகாது. பாரசூட் விரியும் அதிர்ச்சியில் அந்தக் கனம் பல மடங்காகத் தலையை இழுக்கும். அதனால்தான் அமெரிக்கப் பாரசூட் சங்கம் குறைந்தது 200 முறை குதித்துத் தேர்ந்த பிறகே கேமராவுடன் குதிக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. 200 என்ற எண்ணிக்கை கயிறு சிக்குவதை மட்டும் உத்தேசித்ததன்று; கவனம் சிதறுவதையும் உத்தேசித்தது. 1988ல் அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில், 800 முறைக்கு மேல் குதித்துத் தேர்ந்த ஒருவர், பயிற்சி பெறும் மாணவரைப் படம் பிடிக்கும் மும்முரத்தில், கேமரா சாதனங்களை எல்லாம் சரியாக அணிந்துகொண்டு பாரசூட்டை மாத்திரம் அணியாமல் விமானத்திலிருந்து குதித்துவிட்டார். அவர் தவற விட்ட பொருளை நினைக்கும்போது, படமெடுக்கும் ஆசை மனத்தை எவ்வளவு தூரம் ஆக்கிரமிக்கக்கூடும் என்பது விளங்குகிறது.

கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29ஆம் தேதி பிரான்ஸ் தேசத்து மெரிபெல் பனிமலையில் விழுந்து தலை பாறையில் மோதியபோதும் அவருடைய ஹெல்மெட்டில் ஒரு கேமரா இருந்தது. அதன் பதிவு விசாரணை அதிகாரிகளுக்கு நிகழ்ந்ததை அறியத் துணை செய்தது. கேமராவே காயத்தைக் கடுமையாக்கிற்றோ என்பது பெரிய விவாதமாயிற்றேயன்றி நிரூபணமாகவில்லை. எனினும் ஹெல்மெட்டின் வழவழப்பான வளைவு அடி விழும்போது வழுக்கிச் செல்வதற்காகவே அமைந்தது என்பதும், அதன்மேல் உறுதியான ஒரு துருத்தல் இருப்பது அந்த நோக்கத்துக்கு விரோதம் என்பதும் சாதாரண அறிவுக்கே எட்டுபவை. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை 2022ல் ஹெல்மெட்டில் கேமரா பொருத்தி வண்டி ஓட்டுவதைத் தடை செய்து அறிவித்ததும் இந்தக் காரணத்தைக் கொண்டுதான். ஆகவே பொது ரஸ்தாவில் ஓட்டுபவர்கள் கேமராவை வண்டியிலோ மார்பிலோ வைத்துக்கொள்வதே விவேகம்.

விளையாட்டுக் களத்தில் ஹெல்மெட்டில் வைத்தே தீர வேண்டுமென்றால், ஒட்டும் தட்டையே உபயோகியுங்கள். ஹெல்மெட்டில் துளையிடுவது கூடவே கூடாது. ஒட்டுவதற்குமுன் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒட்டியபின் 24 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். காலையில் ஒட்டிக் காலையிலேயே புறப்படுகிறவருடைய கேமராதான் வழியில் உதிர்கிறது. அதே சமயம், பலமாக மோதினால் கழன்று போகும் பிடியே தலைக்கு நல்லது என்பதையும் மறக்கக் கூடாது. கேமரா போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இடம் நிச்சயமான பிறகு யந்திரத்தின் குணங்களுக்கு வரலாம். அவற்றுள் தலையாயது அசைவு நிவாரணம். கேமராவுக்குள் உள்ள ஜைராஸ்கோப் என்னும் நுண்கருவி, அது எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்தது என்பதை ஒரு வினாடிக்குள் மிகப் பல தடவை அளந்துகொண்டே இருக்கிறது; படத்தின் ஓரங்களில் கொஞ்சம் இடத்தை உபரியாக ஒதுக்கி வைத்திருக்கும் கேமரா, சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கமாகப் படத்தை நகர்த்தி, ஓரத்தை வெட்டிவிட்டு, நடுவில் நிலையான காட்சியை நமக்குத் தருகிறது. 2018ல் கோப்ரோ தன் ஏழாவது ஹீரோவில் 'ஹைப்பர்ஸ்மூத்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்த பிறகு, குலுங்கும் படத்தைக் கண்டு தலைசுற்றிய காலம் மலையேறிவிட்டது. அடிவானம் சாயாமல் காக்கும் வசதியும் இன்றைய கேமராக்களில் இருக்கிறது; ஆனால் மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் கரணத்திலும் அதை நிறுத்தி வைப்பதே நலம். வளைவில் வண்டி சாயும்போது படமும் சாய்ந்தால்தானே அந்தச் சாய்வின் பயங்கரம் தெரியும்?

இந்த நிவாரணத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அது வெளிச்சம். போதிய வெளிச்சம் இல்லாத இடத்தில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் நேர்ந்த குலுக்கல் படத்திலேயே கறையாகப் பதிந்துவிடுகிறது. படத்தை நகர்த்தலாம், கறையை நகர்த்தி என்ன பிரயோசனம்? எனவே அடர்ந்த சோலைக்குள் சைக்கிள் விடுகிறவர்களும், மாலை மங்கும் நேரத்தில் விளையாடுகிறவர்களும், ஒளியை வாங்கும் சென்சார் பெரியதாக உள்ள கேமராவையே தேட வேண்டும். 2023ல் வந்த டிஜேஐயின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 4, இன்ஸ்டா360 ஏஸ் புரோ ஆகிய இரண்டிலும் 1/1.3 அங்குல வகைச் சென்சார் உண்டு. கோப்ரோவின் 11ஆம், 12ஆம் ஹீரோக்களில் உள்ளது அதனினும் சிறிய 1/1.9 அங்குல வகை. நண்பகல் வெயிலில் இந்தப் பேதம் கண்ணுக்குப் புலப்படாது. அந்தி நேரத்தில் நன்றாகவே புலப்படும். நண்பகலில் வேறொரு தொல்லை: வெளிச்சம் மிகுதியால் ஷட்டர் அதிவேகமாக மூடித் திறப்பதால் அசைவுகள் வெட்டி வெட்டித் தெரியும். லென்ஸின்மேல் கறுப்புக் கண்ணாடிபோன்ற என்டி பில்டர் ஒன்றை மாட்டினால் அது சீர்ப்படும்.

பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 4கே, 5.3கே என்பவற்றின் தாத்பரியம் என்ன? 4கே படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். பழைய முழு ஹெச்டி படத்தில் சுமார் 21 லட்சம். கைப்பேசியில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியப் போவதில்லை. கூடுதல் புள்ளிகளின் மெய்யான உபயோகம், பின்னால் வேண்டிய பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ள இடம் தருவதே. ஹீரோ 11 முதற்கொண்டு கோப்ரோ தரும் ஏறக்குறையச் சதுரமான 8:7 சட்டத்தில் ஒரு முறை எடுத்துவிட்டால், அகலப் படத்தையும் கைப்பேசிக்கான உயரப் படத்தையும் அதிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம்.

சாகச விளையாட்டுக்கு அதைவிட முக்கியமானது வினாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. 30 படமாக ஓட்டும் திரையில், 120 படமாக எடுத்ததை நான்கு மடங்கு மெதுவாகவும், 240 படமாக எடுத்ததை எட்டு மடங்கு மெதுவாகவும் காட்டலாம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் ஒரு தாவலில் கால் எங்கே வழுகியது, உடல் எப்போது திரும்பியது என்பதைப் பயிற்சியாளர் சுட்டிக்காட்ட இதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. உள்ளரங்கில் ஸ்கேட்டிங்கோ சுவரேற்றமோ எடுப்பவர்கள் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது, விளக்குகள் அதற்கேற்பவே துடிக்கின்றன. கேமராவின் அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்து 25, 50, 100 என்ற கணக்கில் எடுத்தால் படம் மினுமினுக்காது.

தண்ணீரைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். வெளிக்கூடு இல்லாமலே கோப்ரோ ஹீரோ கேமரா 10 மீட்டரும், ஆக்‌ஷன் 4 கேமரா 18 மீட்டரும், 2024ல் வந்த ஆக்‌ஷன் 5 புரோ 20 மீட்டரும் ஆழம் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அது அமைதியான நீரில், கதவு முறையாக மூடியிருக்கும்போது. பேட்டரிக் கதவின் ஓரத்து ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிரோ ஒரு மணல் பருக்கையோ சிக்கியிருந்தாலும் உப்புநீர் உள்ளே வழி கண்டுபிடித்துவிடும். ஆகையால் மூடுவதற்குமுன் அந்த வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் 60 மீட்டர் தாங்கும் வெளிக்கூட்டையும், நீரடியில் மறைந்துபோகும் சிவப்பு நிறத்தை மீட்கும் பில்டரையும் சேர்த்தே வாங்க வேண்டும். கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

வெப்பமும் குளிரும் பேட்டரிக்கு இரு பக்கத்துப் பகைவர்கள். லடாக் போன்ற இடங்களின் குளிரில் லித்தியம் பேட்டரி முழுதும் ஏற்றியிருந்தும் சீக்கிரத்தில் கைவிட்டுவிடும். உபரிப் பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில், உடம்பின் சூட்டில் வைத்திருப்பதே மலையேறுவோர் கையாளும் உபாயம். நம் ஊர்ச் சித்திரை வெயிலிலோ கேமரா தானே கொதித்து அணைந்து போகும். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது குளிர்ந்துவிடும் கேமரா, புறப்படுமுன் வண்டியில் நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தால்தான் சூடேறுகிறது. தேவைக்கு அதிகமான 5.3கேயைத் தவிர்த்து 4கேயில் எடுப்பதும், காத்திருக்கும்போது நிறுத்தி வைப்பதும் போதிய பரிகாரம்.

மெமரி கார்டில் சிக்கனம் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் வருந்துகிறார்கள். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் படம் ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி இடத்தைத் தின்றுவிடும். அதாவது 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரத்துக்குக்கூட வராது. கார்டின்மேல் வி30 என்ற குறி இருக்க வேண்டும். வினாடிக்கு 30 மெகாபைட் இடைவிடாமல் எழுதும் என்பதற்கு அது உத்தரவாதம். சந்தையில் போலிக் கார்டுகள் தாராளமாகப் புழங்குவதால், வாங்கியவுடன் அதை முழுவதும் நிரப்பிச் சோதித்த பிறகே களத்துக்குக் கொண்டு போகவும். சப்தத்தைப் பொறுத்தவரை, வேகத்தில் மைக்கில் மோதும் காற்றின் இரைச்சலே மற்றெல்லாவற்றையும் விழுங்கிவிடும். மோட்டார் பந்தயக்காரர்கள் ஹெல்மெட்டுக்குள் வைக்கும் தனி மைக்கை நாடுவது அதனாலேதான்.

முன்னும் பின்னும் இரண்டு லென்ஸ் வைத்துச் சுற்றிலும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பதியும் 360 பாகைக் கேமரா ஒரு தனி இனம். எந்தப் பக்கம் காட்டுவது என்பதைப் பிற்பாடு வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கலாம். பிடித்திருக்கும் நீண்ட கோல் இரண்டு பார்வைகளின் பொருத்துவாயில் மறைந்துபோவதால், பாராகிளைடரில் பறக்கிறவரை யாரோ அந்தரத்தில் தொடர்ந்து வந்து எடுத்ததுபோல் தோன்றும். ஆனால் துருத்தி நிற்கும் லென்ஸ் இரண்டில் ஒன்று முதல் விழுகையிலேயே கீறிவிடக்கூடும். 2025ல் வந்த இன்ஸ்டா360 எக்ஸ்5ல் லென்ஸை மாற்றிக்கொள்ளும் வசதி ஏற்பட்டிருப்பது இந்தக் குறையை உணர்ந்துதான். மேலும், எடுத்த படத்தைத் திருத்திச் சேர்க்கும் பொறுமை இல்லாதவருக்கு இது வீண் செலவே.

எதைத்தான் வாங்குவது? சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மலைச்சைக்கிளும் பனிச்சறுக்கும் உங்கள் விளையாட்டானால், மார்புப் பட்டையோடு கோப்ரோ ஹீரோவோ டிஜேஐ ஆக்‌ஷனோ எதுவானாலும் குறைவில்லை. வேகக் கணக்கைப் படத்திலேயே காட்ட விரும்பும் பந்தயக்காரர், ஜிபிஎஸ் நீக்கப்பட்ட ஹீரோ 12ஐ விட்டு, அது மீண்டும் சேர்ந்த ஹீரோ 13ஐ வாங்கலாம். நிழலிலும் அந்தியிலும் எடுப்பவருக்குப் பெரிய சென்சார் உடையவை நன்று. கனம் எதுவும் ஆகாது என்னும் ஆகாயக் குதிப்பாளரும் பாறையேறியும் 40 கிராமுக்குள் அடங்கும் இன்ஸ்டா360 கோ 3எஸ் போன்றதைப் பரிசீலிக்கலாம். தனியாகப் பறக்கிறவர் 360 பாகைக் கேமராவை நாடலாம். எந்தக் கேமராவானாலும், முன்கண்ணாடியைத் தனியே கழற்றி மாற்ற முடிகிறதா, உபரிப் பேட்டரி நம் ஊரில் கிடைக்கிறதா, பழுது பார்க்க வழி உண்டா என்று விசாரித்த பிறகே பணத்தை எண்ணுங்கள். ஆண்டுதோறும் புதியது வருகிறது; ஆனால் சென்ற ஆண்டின் கேமரா இந்த ஆண்டில் மலிவாகிறதே ஒழிய மோசமாகிவிடுவதில்லை. மிச்சமாகும் பணத்தை நல்ல பிடிக்கும், இரண்டு பேட்டரிக்கும், உண்மையான மெமரி கார்டுக்கும் செலவிட்டால், விலையுயர்ந்த கேமராவைத் தனியாக வாங்கியவரைவிட நல்ல படங்கள் உங்களிடம் சேரும்.

கடைசியாக ஒன்று. விளையாட்டில் தேர்ச்சி பெறுமுன் கேமராவை மாட்டிக்கொள்ளாதீர்கள்; மாட்டிக்கொண்ட பிறகு, அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக, அது இல்லாவிட்டால் செய்யத் துணியாத எதையும் செய்யாதீர்கள். கேமராவை ஓடவிட்டு அதை மறந்துவிடுகிறவரே சாகசத்தையும் அநுபவிக்கிறார். நல்ல படத்தையும் கொண்டு வருகிறார்.